கமீலாவின் சிங்களம்

எங்கள் ஆஸ்பத்திரியின் ஆளணி விபரத்தை வருடா வருடம் தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்புகிறவன் நான். அதில் இருபத்தேழாவது வரி இப்படி இருக்கும்: மொழிபெயர்ப்பாளர், அனுமதிக்கப்பட்டது ஒன்று, இருப்பது பூச்சியம், வெற்றிடம் ஒன்று. ஒன்பது வருடமாக அந்த வரியில் நான் கை வைக்கவில்லை. போன வருடத்துத் தாளை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துக்கு வைப்பேன். வாங்குகிறவர்களும் திகதியை மட்டும் பார்த்துக் கோப்பில் போட்டுவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. கல்முனைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். பெயர் கனகரெத்தினம், ஊர் பாண்டிருப்பு, வேலை லிகிதர். இதற்கு மேல் என்னைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கதை கமீலாவுடையது.

அந்த வெற்றிடத்தில் ஒன்பது வருடமும் நின்றவள் அவள்தான். அவளுடைய கடமைப் பட்டியல் என் அலுமாரியில் இருக்கிறது. தரை துடைத்தல், தள்ளுவண்டி தள்ளுதல், அழுக்குத் துணி கொண்டுபோதல், மேலதிகாரி பணிக்கும் ஏனைய வேலைகள். கடைசி வரி இருக்கிறதே, அரசாங்கத்தில் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரையும் எதையும் செய்ய வைக்கலாம். வெளிநோயாளர் பிரிவில் சிங்கள டொக்டர் இருந்து, தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி முன்னால் வந்து நின்றால் ஒரு குரல் எழும்பும். "கமீலாவக் கூப்பிடு." அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் மேசைக்குப் பக்கத்தில் நிற்பாள்.

அவளுடைய சிங்களம் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. மருதமுனையில் பிறந்தவள். தாய் இறந்த கையோடு, பதின்மூன்று வயதில், கண்டிப் பக்கம் ஒரு பாடசாலை அதிபரின் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். எட்டு வருடம் அங்கே இருந்தாள். குசினியில் கற்றுக்கொண்ட சிங்களம் அது. பின்னேரம் சட்டி பானை கழுவி முடிந்ததும் அந்த வீட்டு எசமானி, நோனா, கேட்பாவாம், "மஹன்சித, கமீலா?" என்று. களைப்பாக இருக்கிறதா என்று அர்த்தம். இவள் இல்லை என்பாளாம். எட்டு வருடமும் ஒரு நாளாவது ஓம் என்று சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

திரும்பி வந்து கலியாணம் முடித்தாள். கணவர் முச்சக்கர வண்டி ஓட்டினார். முதுகு போனபின் வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் பஸ்மினா உயர்தரம் படிக்கிறாள். கமீலா ஆஸ்பத்திரிக்குத் தற்காலிகமாக வந்து, நாலு வருடம் அலைந்து நிரந்தரமானாள். அந்த நியமனக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். அதை வாங்கிய அன்று எனக்கு ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பு கொண்டுவந்து வைத்தாள்.

பெரிய சத்தம் அவளுக்கு. நோயாளிகளைப் பேசுவாள். "கதைய வளக்காம செல்லுங்க, டொக்டருக்கு நேரமில்ல" என்பாள். ஒருமுறை ஒரு பெண் வயிற்று நோவைச் சொல்ல வந்து, மச்சாள் வீட்டுக் கலியாணத்தில் தொடங்கி, அங்கே தின்ற இறைச்சி, அங்கே நடந்த சண்டை, திரும்பி வந்த வாகனம் எல்லாம் சொல்லி முடித்தாள். கமீலா டொக்டர் பக்கம் திரும்பி மூன்றே சொல் சொன்னாள்: மூன்று நாள், வாயு. டொக்டர் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்ற நானும் சிரித்தேன். அவள் மொழிபெயர்த்தாள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவள் சுருக்கினாள். அதற்காகத்தான் டொக்டர்மாருக்கு அவளைப் பிடித்தது. அவள் நின்றால் வரிசை ஓடும்.

டொக்டர் மதுஷானி குருநாகல் பக்கம். வந்து எட்டு மாதம். கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருப்பாள். அதில் நாற்பது தமிழ்ச் சொல் சிங்கள எழுத்தில் எழுதியிருக்கும். நோவு, காய்ச்சல், வாந்திக்குச் சத்தி, எத்தனை நாள். கேள்வி கேட்க அது போதும். நோயாளி வாயைத் திறந்து மறுமொழி சொல்லத் தொடங்கினால் கொப்பி உதவாது.

மாசி மாதம், வெள்ளாமை வெட்டு நடக்கிற நேரம். நற்பிட்டிமுனையைச் சேர்ந்த கச்சிமுகம்மது என்பவர் காலை பத்து மணி போல மனைவி சபியா உம்மாவோடு வந்தார். வயது அறுபத்தொன்று. சொந்தமாக மூன்று ஏக்கர் வயல். நீண்ட நாளாகச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உண்டு. அன்று விடிய வயலுக்குப் போய், வெட்டு மெசினுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவர், பாதியில் முச்சக்கர வண்டி பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. காலில் சேறு காயாமல் இருந்தது. அந்தச் சேற்றை அன்றைக்குக் கண்டவர்கள் பலர். துடைக்க வேண்டியவள் கமீலா.

அவர் பேசவில்லை. பேசியது சபியா உம்மா. "காலத்தால இருந்து களைக்கிது இவருக்கு. ரெண்டு எட்டு வெக்க ஏலாம களைக்கிது."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் களைப்பு என்றால் இரண்டு. வேலை செய்து உடம்பு அலுத்துப்போனாலும் களைப்பு. மூச்சு வாங்கினாலும் களைப்பு. எது என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆளைப் பார்த்தால் தெரியும், சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். சிங்களத்தில் அப்படி இல்லை. அலுப்புக்கு மஹன்சி, மூச்சு வாங்குவதற்கு ஹதி. இரண்டும் வேறு வேறு சொல், இரண்டுக்கும் வேறு வேறு மருந்து.

கமீலா அந்த மனிதரின் காலைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். டொக்டரிடம் சொன்னாள்: வயல் வேலை, மஹன்சியாம்.

டொக்டர் கொப்பித் தமிழில் "நெஞ்சு நோவு?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். சீனி பார்த்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. அன்று பதினொரு மணிக்குள் அவள் பார்த்த எழுபத்தோராவது ஆள் அவர். துண்டில் "வயல் வேலை, களைப்பு" என்று ஆங்கிலத்தில் எழுதி, நீராகாரம் குடிக்கச் சொல்லி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பொடியும் மாத்திரையும் எழுதி மருந்து எடுக்கிற வரிசைக்கு அனுப்பினாள். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். கச்சிமுகம்மது வாங்குப் பலகையில் இருந்தார், சபியா உம்மா வரிசையில் நின்றா. அவவுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தவரின் தோளில் சரிந்தார். தள்ளுவண்டியைக் கொண்டு ஓடியவள் கமீலா. உள்ளே கொண்டுபோய் என்னென்னவோ செய்தார்கள். மாரடைப்பு என்று எழுதினார்கள். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவரை நற்பிட்டிமுனையில் அடக்கிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து முறைப்பாடு வந்தது. எழுதியவர் இறந்தவரின் தம்பி ஷரிபுதீன். விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த டொக்டர் வந்தார், சிங்களத்தவர், மரியாதையான மனிதர். என்னை எழுத்து வேலைக்கு வைத்தார்கள். எனக்கு மூன்று மொழியும் எழுத வரும். மொழிபெயர்ப்பாளர் இல்லாத ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் மட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்துவிடுகிறார் பாருங்கள்.

நோயாளியோடு வந்தவர் சாட்சி சொல்ல வேண்டும். சபியா உம்மா வர முடியாது. புருசன் மௌத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்களுக்கு முன்னால் நிற்கக்கூடாது. ஷரிபுதீன் திரைக்கு வெளியே நின்று கேட்டு எழுதிக்கொண்டுவந்த தாள்தான் அவவின் வாக்குமூலம். அதில் இருந்தது: காலையிலிருந்து களைக்கிறது என்று சொன்னேன்.

டொக்டர் மதுஷானி சிங்களத்தில் சொன்னாள். மஹன்சி என்று மட்டும்தான் சொல்லப்பட்டது. நெஞ்சு நோவு இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரும், மூச்சு வாங்குவது மட்டும்தான் அடையாளமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஈசிஜி எடுத்திருப்பேன். வரிசையாகச் சொன்னாள்.

அதை நான் தமிழில் எழுதினேன். மஹன்சிக்குத் தமிழ் என்ன? களைப்பு. நோயாளி தரப்பில் களைப்பு என்று மட்டுமே கூறப்பட்டது என்று எழுதினேன். சபியா உம்மாவின் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின. விசாரணைக்கு வந்தவருக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி, வேலை சுலபமாக முடிந்தது என்று. பிழை எங்கள் கண்ணுக்கு முன்னால் தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்து, பழைய சட்டையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கமீலாவைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகுமுன் வாசலில் எங்கள் தாதி யூஜினி சிஸ்டர் அவளைப் பிடித்து, "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு கமீலா. வேற ஒண்டும் கதைக்காத" என்றதை நான் கேட்டேன். சிஸ்டர் கல்முனை மெதடிஸ்த கோயிலில் ஞாயிற்றுப் பாடசாலை நடத்துகிறவ. முப்பது வருடச் சேவையில் யாருக்கும் கெடுதல் செய்யாதவ. அதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னா.

"நோயாளியின் மனைவி என்ன சொன்னார்?" என்று கேட்டார் விசாரணைக்கு வந்தவர்.

"களைப்பு எண்டு சென்னாங்க" என்று தமிழிலேயே சொன்னாள் கமீலா.

"வேறு ஏதாவது?"

வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இல்ல சேர்."

பொய் ஒன்றுமில்லை. எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். அவள் பேனையை வைத்த பிறகும் எழும்பாமல் இருந்தாள். அடுத்த ஆள் வரவேண்டும் என்று நான்தான் எழுப்பினேன்.

டொக்டரின் வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதி ஷரிபுதீனுக்குப் போனது. அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்தார் என்பது பிறகு தெரியவந்தது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், திரைக்கு வெளியே நின்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, "களைப்பு எண்டு செல்லிட்டு நிண்டிருக்கீங்க மதினி. மூச்சு முட்டுது எண்டு ஒரு சொல்லுச் செல்லியிருந்தா என்ட காக்கா இண்டைக்கு இரிப்பாரு" என்றிருக்கிறார். அண்ணனைத்தான் அவர்கள் காக்கா என்பார்கள். துக்கத்தில் சொன்னதுதான். ஆனால் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இத்தாவில் இருக்கிற பெண் எங்கேயும் எழும்பிப் போக முடியாது. வருகிற பெண்கள் எல்லாரும் அந்த அறைக்குத்தான் வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும், ஏன் ராத்தா கொஞ்சம் விளப்பமாச் சொல்லியிருக்கலாமே என்று ஆறுதல் மாதிரிக் கேட்டுவிட்டுப் போனார்கள். சபியா உம்மா சாப்பாட்டைக் குறைத்தா. பிறகு கதையையும் குறைத்தா. தொழுகைப் பாயிலேயே இருக்கிறாவாம், என்ட நாக்காலதான் போனாரு என்று மட்டும் சொல்கிறாவாம் என்று, நற்பிட்டிமுனையிலிருந்து வேலைக்கு வருகிற றிஸ்னா என்ற பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கிறாள். கமீலா சோற்றை மூடி வைத்துவிட்டு எழும்பி என் அறைக்கு வந்தாள்.

கதவைச் சாத்தினாள். அவள் என் அறைக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

"சேர், அந்தப் பொம்புள சென்னது மூச்ச. நான் டொக்டருக்குச் செல்லினது அலுப்ப."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் இரண்டு சிங்களச் சொல்லையும் சொன்னாள். அப்போதுதான் நான் எழுதிய தமிழ் வரி நினைவுக்கு வந்தது.

"உனக்கு ஹதி எண்ட சொல் தெரியாதோ?" என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நல்லது.

"தெரியும் சேர். நோனாட உம்மாக்கு ஹதி இருந்த. சுடுதண்ணிப் பை வெச்சி முதுகு தடவிவிடுறது நான்தான். எட்டு வருசம்."

நான் என்ன சொன்னேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். விடு கமீலா என்றேன். போன உயிர் வரப்போவதில்லை, உன் வேலை போகும், மகள் படிக்கிறாள், டொக்டர் தப்பிவிடுவாள், நீதான் அகப்படுவாய், கடமைப் பட்டியலில் இல்லாத வேலையைச் செய்தாய் என்று உன் தலையில்தான் வைப்பார்கள் என்றேன். எல்லாம் சரியான கணிப்பு. ஒன்றும் பிழைக்கவில்லை. யூஜினி சிஸ்டர் சொன்னதைத்தான் நான் நீட்டிச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்ப அந்தப் பொம்புள?" என்றாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நற்பிட்டிமுனைக்குப் போனாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் போகக்கூடிய இடமும் அல்ல. அவள் பெண் என்பதால் திரையைத் தாண்டிப் போக முடிந்தது. பிறகு என் மேசைக்கு முன்னால் இருந்து அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

சபியா உம்மா வெள்ளை உடுத்து, சுவரில் சாய்ந்து இருந்தாவாம். பார்த்தவுடன் அடையாளம் கண்டா. "ஆஸ்பத்திரிப் புள்ள. சத்தம் போட்டுக் கதைக்கிற புள்ள."

கமீலாவுக்கு அன்றைக்குச் சத்தம் வரவில்லை. "ராத்தா, நீங்க சென்னது சரி. களைக்கிது எண்டு சரியாத்தான் சென்னீங்க. நான்தான் டொக்டருக்கு மாத்திச் சென்ன. ஒடம்பு அலுப்பு எண்டு சென்ன. மூச்சு வாங்குது எண்டு செல்லல்ல."

அவ சுவரை விட்டு நிமிர்ந்தா. பிறகு, "திருப்பி ஒருக்காச் செல்லுங்க" என்றா. கமீலா திருப்பிச் சொன்னாள்.

"மூச்சு வாங்கிறதுக்குச் சிங்களத்தில என்ன?"

"ஹதி."

"அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் ராத்தா."

"தெரிஞ்சா ஏன் புள்ள செல்லல்ல?"

"வெள்ளாம வெட்டினவரு எண்டு நெனச்சன். கால்ல சேறு இருந்திச்சி."

இந்த இடத்தில் கமீலா என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

சபியா உம்மா சொன்னாவாம்: "காலக் கழுவிட்டுப் போவம் எண்டு நான் சென்ன. வாணாம், நேரம் சுணங்கும், மூச்செடுக்க ஏலாம இரிக்கி எண்டாரு."

கமீலா அவவின் கையைப் பிடித்து, பொருந்திக்குங்க ராத்தா என்று கேட்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்பது என்று சொன்னால் போதாது. ஒருவருக்குச் செய்த அநியாயத்தை அவர் தன் வாயால் விட்டுக்கொடுத்தால்தான் அது மறுமையில் பின்னால் வராது; அதைத்தான் அவர்கள் பொருத்தம் என்கிறார்கள்.

சபியா உம்மா கையை இழுத்துக்கொண்டா. "இப்பக் கேக்காதீங்க. ஊர் முழுக்க என்ட நாக்கப் பத்திக் கதைக்கிது. உங்களுக்கு அது பாரமா இரிக்கிறதால என்ட காதுல வந்து செல்லுறீங்க. என்ட காதோட வெச்சிட்டுப் போகாதீங்க. எழுதிக் குடுங்க. ஷரிபுதீன் தம்பி வாசிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க. அதுக்கு மறுகா வாங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் அறை திறக்குமுன் கமீலா வாசலில் நின்றாள். "எழுதுங்க சேர்" என்றாள். இந்த முறை நான் விடு என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்த நல்ல காரியம்.

அந்த வாக்குமூலத்தை எழுத இரண்டு மணித்தியாலம் எடுத்தது. களைப்பு என்ற சொல்லை எங்கே போட்டாலும் பழையபடி குழம்பியது. கடைசியில் சபியா உம்மா சொன்னது மூச்சு வாங்குகிறது என்ற கருத்தில், நான் மொழிபெயர்த்தது உடல் அலுப்பு என்ற கருத்தில், எனக்கு இரண்டு சிங்களச் சொற்களும் தெரிந்திருந்தன, பிழை என்னுடையது என்று எழுதினோம். தெரிந்திருந்தன என்பதை விட்டுவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் தட்டச்சு செய்தேன்.

விசாரணையை மறுபடி திறந்தார்கள். டொக்டர் மதுஷானிக்கு அதை வாசித்துக் காட்டினேன். இனி இவள் பிழைத்துக்கொள்வாள், எல்லாம் கமீலாவோடு போகும் என்று நினைத்தேன். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள்: "நான் கமீலாவிடம் கேட்டேன். அவளைப் பார்த்துக் கேட்டேன், அவளைப் பார்த்தே எழுதினேன். மூச்சு வாங்குகிறவரைப் பார்க்க மொழி தேவையில்லை. அவர் எனக்கு முன்னால் இரண்டடியில் இருந்தார். நான் ஒரு முறையாவது அவருடைய முகத்தைப் பார்த்தேனா என்று எனக்கு ஞாபகமில்லை." விசாரணைக்கு வந்தவர் இதை எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றாள். எழுதினேன்.

முடிவு இரண்டு மாதம் கழித்து வந்தது. டொக்டருக்கு எச்சரிக்கை. கமீலா கடமைக்கு அப்பாற்பட்ட பணியில் ஈடுபட்டதாகக் கண்டு, நோயாளர் பிரிவுகளிலிருந்து நீக்கி, துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றம். சிற்றூழியர் எவரும் இனி மொழிபெயர்ப்பில் ஈடுபடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. மொழிபெயர்ப்பாளர் வெற்றிடத்தை நிரப்ப ஆவன செய்யப்படும் என்று ஒரு வரி. ஒன்பது வருடமாக அவள் கடமைக்கு அப்பால் நின்றதை யாரும் காணவில்லை. கண்டவர்கள் கூப்பிட்டார்கள்.

ஷரிபுதீன் பிரதியை வாங்க வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றபடியே வாசித்தார். ஒரே பந்தியைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"மதினி களைக்கிது எண்டுதானே சென்ன?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப அவ சென்னது சரிதானே."

"சரிதான். எங்கட ஆக்கள் ஆரும் அப்பிடித்தான் சொல்லுவம். நீங்களும் அப்பிடித்தான் சொல்லியிருப்பீங்க."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்ப எடுத்தார், திரும்ப வைத்தார். அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய், முன்பு பேசிய அதே இடத்தில் நின்று, ஆட்கள் இருக்கும்போதே அதை உரத்து வாசித்தாராம். வாசித்து முடிக்க அவருக்கு முடியாமல் போயிற்றாம். திரைக்கு உள்ளே இருந்து சபியா உம்மா, "நான் பொருந்திட்டன் தம்பி, நீங்க ஊட்ட போங்க" என்றாவாம். றிஸ்னா வந்து சொன்னாள். அன்று அவ இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவாம்.

இத்தா முடிந்து மூன்றாம் நாள். என் அறை ஜன்னலுக்கு வெளியேதான் துணி காயப்போடுகிற கம்பிகள். கமீலா படுக்கை விரிப்புகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சத்தம் இந்தப் பக்கம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. யாரோ ஒரு வயதான பெண் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வருவதைக் கண்டேன். கையில் கிளினிக் கொப்பி. கமீலா விரிப்பைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள். அப்போதுதான் அது சபியா உம்மா என்று எனக்கு விளங்கியது.

ஜன்னலைச் சாத்துவதுதான் மரியாதை. நான் சாத்தவில்லை.

"உங்களத் தேடி முன்னுக்குப் போன. இஞ்ச எண்டாங்க" என்றா சபியா உம்மா. "எழுதிக் குடுத்தீங்க. வாசிச்சாங்க. நான் கேட்டன்."

கமீலா தலையாட்டினாள்.

"நான் பொருந்திட்டன் புள்ள. மனசாரப் பொருந்திட்டன். நீங்க என்ட நாக்க எனக்குத் திருப்பித் தந்தீங்க."

கமீலா விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சபியா உம்மா அவளைத் தடுக்கவில்லை. அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, கோபம் ஒரு துளியும் இல்லாத குரலில் சொன்னா:

"இது என்ட பங்கு. அவர்ர பங்க நான் தர ஏலாது. அது அவர்ட்டக் கேக்கிற. நீங்களும் அங்க வருவீங்கதானே, வந்து கேளுங்க."

சொல்லிவிட்டு, சீனி பார்க்கிற வரிசை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டா. கமீலா மிச்சத் துணியையும் காயப்போட்டாள். எட்டோ ஒன்பதோ விரிப்பு இருந்தது. ஒவ்வொன்றையும் சுருக்கமில்லாமல் இழுத்து விட்டாள்.

என் மேசையில் அந்த வருடத்து ஆளணி விபரம் இருந்தது. இருபத்தேழாவது வரியில் இன்னமும் வெற்றிடம் ஒன்று. கமீலாவுக்காவது போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது, அங்கே அவர் இருப்பார் என்ற நிச்சயமும் இருக்கிறது. நான் பாண்டிருப்புக்காரன், சைவன். நான் போகிற இடத்துக்குக் கச்சிமுகம்மது வருவாரோ என்று எனக்குத் தெரியாது.